கோரத்தில் சேராத நாற்காலி

தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிர்வாகக் கட்டிடத்தில், இரண்டாவது மாடி வராண்டாவில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விசாரணை. விசாரிக்கப்பட்டவன் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன், பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். ஏப்ரல் 14 அன்று விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அம்பேத்கர் சுவரொட்டியை இரவோடு இரவாக யாரோ கிழித்துவிட்டார்கள். யார் கிழித்தது என்று கேட்கப்போனவனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததும் நடந்திருக்கிறது. அவன் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தான். மறுநாள் எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு புகார் வந்தது. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி, மேலே "விடுதி மாணவர்களுக்கு இடையே தகராறு" என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தலைப்பிலேயே சாதி காணாமல் போய்விட்டது.

அவனோடு உள்ளே வர எங்களுக்கு அனுமதி இல்லை. "வெளியாட்கள்" என்றார்கள். குறைதீர்ப்புக் குழுவின் முன் மாணவர் நேரில் வரலாம், அல்லது தன் சார்பில் பேச ஒருவரை அனுப்பலாம் என்று யு.ஜி.சி. விதியே சொல்கிறது என்று காகிதத்தை நீட்டினோம். அலுவலக உதவியாளர் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இது குறைதீர்ப்பு இல்லைங்க, ஒழுங்கு நடவடிக்கை" என்றார். புகார் கொடுத்தவன் எந்த நிமிடத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவன் ஆனான் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் சொன்னதைச் சொல்கிறவர்.

விசாரணை முடிந்து முதலில் வெளியே வந்தது ஒரு மாணவி. மாணவர் பிரதிநிதி. துறையில் முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதால் நியமித்திருக்கிறார்கள். "என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டோம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஓரமா ஒரு சேர் போட்டாங்க. டீ குடுத்தாங்க. கடைசியில கையெழுத்துப் போடணுமான்னு கேட்டேன். நீ ஸ்பெஷல் இன்வைட்டிதான், வேணாம்னுட்டாங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்தது வெட்கமா நிம்மதியா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் சொன்னது முழுக்க விதிப்படி சரி. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

2023 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளை எடுத்துப் பாருங்கள். குழுவின் தலைவர் ஒரு பேராசிரியர். உறுப்பினர்கள் நான்கு பேர், அவர்களும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவர் ஒருவர் உண்டு. படிப்பு, விளையாட்டு, கலை என்று ஏதாவது ஒன்றில் சிறந்தவராக நிர்வாகமே தேர்ந்தெடுத்து வைக்கும் ஒருவர், அதுவும் சிறப்பு அழைப்பாளராக மட்டும். கூட்டம் நடக்கக் குறைந்தபட்சம் மூன்று பேர் வேண்டும். அந்த மூன்றில் சிறப்பு அழைப்பாளர் சேரமாட்டார் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. மாணவர்களின் குறைகளைத் தீர்க்கும் குழுவில் மாணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோரம் நிறைந்துவிடும். (தமிழில் கோரம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. விதியை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.)

தலைவர் உட்பட அந்த ஐந்து பேரில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது விதி. நன்றாகக் கவனியுங்கள். "அல்லது". தமிழ்நாட்டில் இந்த ஒரு சொல் என்ன வேலை செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த மாணவனின் சுவரொட்டியைக் கிழித்ததாகச் சொல்லப்பட்டவர்களும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்தான். அவர்கள் சாதியைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரை உட்காரவைத்தால் இந்த விதி நிறைவேறிவிட்டது. நங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழுவை அமைத்த மாநிலம் இது. வெட்டியவர்கள் பார்ப்பனர்கள் அல்ல என்பதை நாம் மறந்துவிட முடியாது.

இதே யு.ஜி.சி. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை 2016 மே மாதம் வெளியிட்டது. அதன் உள்ளகப் புகார்க் குழுவில், மாணவர் தொடர்பான வழக்கென்றால், இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று மூன்று நிலைகளிலிருந்தும் மாணவர் இருக்க வேண்டும். அவர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது, குழுவின் சுதந்திரத்தைக் காக்க. எழுதியது வேறு யாரோ அல்ல, அதே யு.ஜி.சி. நிர்வாகத்தில் இருப்பவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் நியாயம் கோணும் என்று அதற்கு அப்போதே தெரிந்திருக்கிறது. சாதி என்று வரும்போது மட்டும் அந்த அறிவு எங்கே போகிறது?

நடைமுறையில் அந்தப் பெண்கள் குழுக்களும் எப்படி இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். பல கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. டெல்லி ஜே.என்.யு.வில் 1999 முதல் இயங்கிய, மாணவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள் உட்கார்ந்த ஜிஎஸ்கேஷ் குழுவை 2017இல் நிர்வாகம் கலைத்தது. ஆனாலும் சட்டத்தில் எழுதியிருந்தால் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. நமக்கு எழுத்திலேயே இல்லை.

சாதிப் பாகுபாட்டுக்கென்று விதியே இல்லை என்று சொல்லவில்லை. 2012இல் ஒன்று வந்தது. சம வாய்ப்பு மையம், பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர், 60 நாளில் தீர்வு என்று எல்லாம் இருந்தது. அந்த அலுவலரை நியமிப்பது கல்வி நிறுவனம், அவரும் அங்கேயே வேலை பார்க்கும் பேராசிரியர். நாங்கள் போன கல்லூரிகளில் "உங்கள் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார்?" என்று மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம். பாதிப் பேர் அப்படி ஒருவர் உண்டா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். ரோகித் வெமுலாவின் தாய் ராதிகாவும் பாயல் தாட்வியின் தாய் ஆபிதாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்த விதிகள் காகிதத்தில் மட்டும் இருப்பதைச் சொல்லத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்கள் கேட்டு, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2026 ஜனவரி 13 அன்று புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அதே மாதம் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. தெளிவில்லை, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பது காரணம். அதுவரை 2012 விதிகளே தொடரும் என்றும் சொன்னது. ஏழு ஆண்டு காத்திருப்புக்கு ஆயுள் பதினாறு நாள்.

அந்தப் புதிய விதிகளைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அதன் சமத்துவக் குழுவுக்கும் தலைவர் கல்வி நிறுவனத்தின் தலைவர்தான். மாணவர்கள் இரண்டு பேர், அங்கேயும் சிறப்பு அழைப்பாளர்கள்தான். நிறுவனத்தின் மீதே புகார் என்றால் நிறுவனத் தலைவர் எதை விசாரிப்பார்? அதற்கு முன் 2025 வரைவில் பொய்ப் புகாருக்கு அபராதம் என்று ஒரு விதி இருந்தது, எதிர்ப்புக்குப் பின் எடுத்தார்கள். 2023 விதிகளிலோ பொய்யான, அற்பமான புகார் கொடுத்த மாணவர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்பது இன்றைக்கும் இருக்கிறது. பொய்யான மறுப்புக்கு என்ன தண்டனை என்று எந்த விதியிலும் ஒரு வரி கிடையாது.

விதிமுறை என்பது வெறும் காகிதம், மனம் மாறினால்தான் எல்லாம் மாறும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களை ஐதராபாத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 2015 ஆகஸ்டில் நடந்த ஒரு மோதலை முதலில் விசாரித்த குழு எச்சரிக்கையோடு முடிக்கச் சொன்னது. பிறகு அதே குழு இடைநீக்கம் என்றது. மாணவர்கள் போராடியதும் அது திரும்பப் பெறப்பட்டது, புதிதாக விசாரிப்போம் என்றார்கள். நடுவில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் கடிதம் எழுதினார், அமைச்சகத்திலிருந்து நினைவூட்டல் மேல் நினைவூட்டல் வந்தது, துணைவேந்தர் மாறினார். கடைசியில் ஆட்சிக்குழுவின் துணைக்குழு ஒன்று ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்குத் தண்டனை விதித்தது. என்ன தண்டனை? வகுப்புக்கு வரலாம். விடுதிக்குள் வரக் கூடாது. நிர்வாகக் கட்டிடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டமாக வரக் கூடாது. மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது. ஊருக்குள் வேலைக்கு வரலாம், குடியிருக்கக் கூடாது என்பதை நம் தாத்தாக்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் வளாகத்துக் கடைகளின் முன்னால் கூடாரம் போட்டு அதற்கு "வெலிவாடா" என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் போய்விட்டான்.

ஒரே சம்பவத்துக்கு இத்தனை தீர்ப்புகள். ஒரு முறை முடிந்த விசாரணையை யார் கேட்டால் மீண்டும் திறக்கலாம், புதிய சாட்சியம் வேண்டுமா, தண்டனையை எந்த வரம்புக்குள் கூட்டலாம், தண்டிக்கப்பட்டவன் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம், வெளியிலிருந்து கடிதம் எழுதும் அமைச்சருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இறுக்கமான நடைமுறை ஒன்று அங்கே இருந்திருந்தால்? மனம் மாறுவதற்கு நாம் காத்திருக்கத் தேவையில்லாமல் இருந்திருக்கும்.

அதே 2015இல், மே மாதம், சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்தார்கள். பெயர் போடாத ஒரு புகார் கடிதம், அமைச்சகம் அதை அனுப்பி வைத்தது, அவ்வளவுதான். படிப்பு வட்டத்தைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. சத்தம் எழுப்ப ஆள் இல்லாத கல்லூரிகளில் என்ன நடந்திருக்கும்?

மாணவனைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது புதிய கோரிக்கை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை முறைகேடு என்று சொல்லி, ஒரு வார்த்தை விளக்கம் கேட்காமல் ரத்து செய்த தேர்வு வாரியத்தை 1962இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. தேர்வுக் குழு ஆனாலும் தண்டிக்கிற இடத்தில் அது நீதிமன்றம் போல நடக்க வேண்டும் என்றது. பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குப் பிடித்தது 1973இல் வந்த ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு. பெண்கள் விடுதிக்குள் இரவில் புகுந்த மாணவர்கள் மீதான விசாரணை அது. பயந்துபோன மாணவிகளின் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாத நேரத்தில் பதிவு செய்ததும், குறுக்கு விசாரணைக்கு விடாததும் தவறில்லை என்று நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கும் அதில் மறுப்பில்லை. பலவீனமானவரைக் காப்பாற்ற வளைத்த விதி அது. அதையே எடுத்துக்கொண்டு, புகாரின் நகலைக் கூடத் தர மாட்டோம் என்று ஒரு தலித் மாணவனிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு தந்திரம் உண்டு. "முதலில் கமிட்டி விசாரிக்கட்டும், அப்புறம் போலீசுக்குப் போகலாம்" என்பார்கள். அக்கறையோடு சொல்வது போலவே இருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை எதுவும் தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. போலீசுக்கே தேவையில்லாத முன்விசாரணை டீனுக்கு எதற்கு? அந்த இடைவெளியில்தான் சாட்சி சொல்ல வந்த அறைத் தோழன் பின்வாங்குகிறான், சிசிடிவி பதிவு அழிந்துபோகிறது, கைடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்துகிறார்.

இப்போது நம் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. இடதுசாரி மாணவர் அமைப்புகள் சில, "நிர்வாகமே வேண்டாம், மாணவர்களே விசாரிக்கும் மாணவர் நீதிமன்றம் வேண்டும்" என்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவைக்கென்று அரசியல் சாசனம், அதற்கு ஒரு மாணவர் நீதிமன்றம், அதற்கு நடைமுறை விதிகள் என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். அந்த விதிகளில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும், வழக்கோடு தொடர்புள்ள நீதிபதி விலக வேண்டும், தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்பதெல்லாம் நமக்கும் வேண்டும். ஆனால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். 1842இல் தொடங்கியது அங்கே நேர்மை விதி. மாணவர்களே நடத்தும் முறை. அந்த வளாகத்தைக் கட்டியது அடிமைகளாக இருந்த கறுப்பர்கள், படித்தவர்கள் வெள்ளை ஆண்கள் மட்டும். குற்றம் உறுதியானால் நிரந்தர நீக்கம் என்ற ஒரே தண்டனைதான் 2022 வரைக்கும் நீடித்தது. பின்னாளில் கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தபோது, தங்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள், தங்கள் மீதுதான் அதிகம் புகார் வருகிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு விடுதியில் மாணவர் நீதிமன்றம் என்றால் யார் உட்காருவார்கள்? எண்ணிக்கை அதிகமுள்ள சாதி உட்காரும். ஊரில் ஆலமரத்தடியில் உட்கார்ந்தவர்களின் பேரன்கள் இங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். கட்டப் பஞ்சாயத்துக்கு வயது குறைந்துவிட்டால் அது ஜனநாயகம் ஆகிவிடாது. சமூகவியல் வகுப்பில் "ஒத்த வயதினர் குழு" என்று படித்தோம். ஒத்த வயது இருக்கலாம், ஒத்த சாதி இருக்கிறதா என்று எந்தப் பேராசிரியரும் எங்களிடம் கேட்கவில்லை.

லிங்டோ குழுவையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற அந்தப் பரிந்துரைப்படி, நிர்வாகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் மாணவர் தேர்தலில் போட்டியிடவே முடியாது. ஆக, கேள்வி கேட்கிற தலித் மாணவன் மீது ஒரு மெமோ போதும், அவன் வேட்பாளர் பட்டியலிலிருந்து போய்விடுவான். மிச்சம் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அவர்கள்தான் மாணவர் நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்புவார்கள். முதல் பூட்டைத் திறக்காமல் இரண்டாவது அறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது மாணவர் உட்காரும் நீதிமன்றம்தான், ஆனால் இன்னின்னார் உட்கார வேண்டும் என்று எழுதி வைத்த நீதிமன்றம். பாதி நாற்காலிகள் மாணவர்களுக்கு. சாதி தொடர்பான வழக்கென்றால் அந்தப் பாதியிலும் ஆசிரியர் பாதியிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், "அல்லது" இல்லாமல். அவர்களை அந்தச் சமூக மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பூனா ஒப்பந்தம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை விடுதித் தேர்தலிலாவது நினைவு வைத்திருப்போம். அவர்கள் வராவிட்டால் கோரம் இல்லை, கூட்டம் இல்லை. துணைவேந்தரும் பதிவாளரும் டீனும் உள்ளே இருக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும்.

புகார் கொடுத்தவனும் புகாருக்கு ஆளானவனும் ஒரே கோப்பில் கட்டப்படக் கூடாது. அழைப்பு எழுத்தில் வர வேண்டும், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அல்ல. கூடவே புகாரின் நகலும் பதில் எழுத ஒரு வாரமும் வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வரும் உரிமை, தமிழில் பேசும் உரிமை. இந்த இரண்டாவதைப் படித்துச் சிலர் சிரிக்கக்கூடும். கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவன் நான்கு பேராசிரியர்கள் முன் ஆங்கிலத்தில் திணறும்போது அந்தத் திணறலையே "முரண்பட்ட வாக்குமூலம்" என்று எழுதியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. விசாரணை நடக்கும் காலத்தில் ஹால் டிக்கெட், உதவித்தொகை, விடுதி அறை, வைவா தேதி இவற்றில் எதையும் யாரும் தொடக் கூடாது. நம் பிள்ளைகளைத் தோற்கடிப்பது பெரும்பாலும் தீர்ப்பு அல்ல. ரோகித்துக்கு 2015 ஜூலையிலிருந்தே ஃபெலோஷிப் பணம் வரவில்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அது.

வராண்டாவில் நாங்கள் காத்திருந்த அந்தப் பையனுக்கு வருவோம். இரு தரப்புக்கும் எச்சரிக்கை, இரு தரப்பும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று முடித்தார்கள். அவன் மறுத்தான். பத்து நாள் கழித்துத் தேர்வு. ஹால் டிக்கெட் வாங்கப் போனவனிடம், அலுவலகத்தில் கடிதம் வந்தால்தான் தருவோம் என்றார்கள். எங்களை போனில் அழைத்து, "அக்கா, அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் ஃபீஸ் கட்டுச்சு. ஒரு செமஸ்டர் போனா எனக்குத் தாங்காது" என்றான். எழுதாதே என்று எங்களால் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுத்தான். "வருந்துகிறேன்" என்று மட்டும் எழுதினானாம், எதற்கு என்று எழுதவில்லை. அதை எங்களிடம் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தான்.

போன வாரம் வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு மாணவி பேசினாள். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், எதற்கென்று சொல்லவில்லை. புகாரின் நகலைக் கேட்டு இன்றைக்கே கடிதம் எழுது, கொடுத்ததற்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள் என்று சொன்னோம். மாலையில் திரும்பப் பேசினாள். கடிதத்தை வாங்கிக்கொண்டார்களாம், முத்திரை போடுகிறவர் லீவாம். பதிவுத் தபாலில் இன்னொரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை அந்த வராண்டாவுக்கும் போகிறோம்.